எந்த வாசலைத் தட்டுவது?

(கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

ஒரு வீட்டுத் திண்ணையில் மாலை நேரப் பாடசாலையாகத் தொடங்கிய இச்சங்கம் இன்று வெள்ளிவிழாக் காண்கின்றது. இந்நாளில் 'கல்வியின் பயன்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்தனர். கல்வியின் பெருமையை விரித்துரைக்க நம்மினும் வல்லார் பலர் இம்மேடையில் உள்ளனர். ஆதலின் நாம் ஒரு சிறு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டோம். வீட்டில் ஒருவர் மறைந்துவிட்டால், அவர் விட்டுச் சென்ற பணத்தையும் நிலத்தையும் உரியவர் பெறுவதற்கு எந்த அலுவலகத்தின் வாசலைத் தட்டவேண்டும் என்பதே அது. சிறு பொருள் என்றோம்; ஆனால் இதனை அறியாமையால் நம் சமுதாயம் இழந்தது சிறிதன்று.

முதலில் நம் தவறு ஒன்றை இவ்வவையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். சில ஆண்டுகளுக்கு முன், நம் தெருவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் கைக்குழந்தையுடன் பள்ளிக்கு வந்தார். அவருடைய கணவர் பெங்களூருவில் கட்டட வேலை செய்துவந்தவர். அங்கேயே ஒரு மருத்துவமனையில் இறந்துவிட்டார். உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவருடைய சம்பளத்தில் மாதந்தோறும் வருங்கால வைப்பு நிதி பிடித்திருந்தார்கள். "ஐயா, ஒரு மனு எழுதிக் கொடுங்கள்" என்று அந்தச் சகோதரி கேட்டார். நாமும் பி.ஏ., பி.எட். படித்தவர்கள் அன்றோ! நல்ல தமிழில் நான்கு பக்கம் எழுதி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்குமாறு அனுப்பிவைத்தோம்.

அம்மனு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வட்டாட்சியர் அலுவலகத்திற்குச் சென்றது. இறப்புச் சான்றிதழ் எங்கே என்று அங்கே கேட்டார்கள். அவர் ஊராட்சிக்குச் சென்று கேட்டார். இறப்பு இவ்வூரில் நிகழவில்லையே என்று அங்கே கூறினார்கள். இவ்வாறு பதினொரு மாதங்கள் கழிந்தன. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணம் போயிற்று. இடையில் ஒரு தரகர் முன்பணம் வாங்கிக்கொண்டு, வெற்றுத்தாளில் கைந்நாட்டும் பெற்றுச் சென்றார். பதினொரு மாதங்களுக்குப் பின் அந்தச் சகோதரி மீண்டும் வந்து, "ஐயா, நீங்கள் எழுதியது நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள்" என்றார். அச்சொல் நம்மைச் சுட்டது. நாம் எழுதிய மனுவில் பிழை இல்லை. அனுப்பிய வாசல்தான் பிழை.

அன்றிரவு அவர் கொண்டுவந்த துணிப்பையைப் பிரித்து, அதிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தோம். அப்போதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. போகவேண்டிய இடம் அத்தாள்களிலேயே எழுதப்பட்டிருந்தது. வைப்பு நிதிக் கணக்கு எண்ணின் முதல் எழுத்துகள், அக்கணக்கு எந்த வட்டார அலுவலகத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டுகின்றன. வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கிளையின் பெயர் உள்ளது. காப்பீட்டுப் பத்திரத்தில் கிளை அலுவலகத்தின் முகவரி உள்ளது. பட்டாவில் மாவட்டம், வட்டம், கிராமம் உள்ளன. கிரயப் பத்திரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தின் முத்திரை உள்ளது. நாமோ தாளைப் படிக்காமலே மனு எழுதிவிட்டோம்.

அன்று முதல் யார் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கின்றோம். எங்கே இறந்தார்? எங்கே குடியிருந்தார்? பொருள் எங்கே இருக்கின்றது? இம்மூன்று கேள்விகளும் மூன்று வெவ்வேறு வாசல்களைக் காட்டும். ஒன்றன் வேலையை மற்றொன்றில் கேட்பதனால்தான் நாம் அலைகின்றோம்.

முதற் கேள்வி, எங்கே இறந்தார் என்பது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு எவ்விடத்தில் நிகழ்ந்ததோ அவ்விடத்துப் பதிவாளரே அதனைப் பதிவு செய்வார். பிறந்த ஊரோ அடக்கம் செய்த ஊரோ கணக்கில் இல்லை. நம் மக்கள் வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்கும் பெங்களூருவுக்கும் பிழைக்கச் சென்றவர்கள். ஓரிடத்தில் உயிர் பிரிய, வேறிடத்தில் மண்ணுக்குள் செல்பவர்கள். ஆகவே இந்த வேறுபாடு மற்றவர்களைவிட நமக்கே மிகுதியாக வேண்டியது. 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணமின்றிப் பதிவாகும். மருத்துவமனையில் இறந்தால், பதிவாளருக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் பொறுப்பு. ஓராண்டுக்கு மேல் பதியாமல் விட்டுவிட்டால், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் ஒருவரின் ஆணை வேண்டியிருக்கும். அடக்கம் முடிந்த மறுவாரமே வீட்டில் ஒருவர் இவ்வேலையைக் கையில் எடுக்கவேண்டும்.

இரண்டாவது கேள்வி, எங்கே குடியிருந்தார் என்பது. இதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. அவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளுதல் கூடாது.

ஒன்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ். மறைந்தவர் நிலையாகக் குடியிருந்த வட்டத்தில் இதனைப் பெறவேண்டும்; இ-சேவை மையத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். மறைந்தவருக்கு உறவினர் இன்னின்னார் என்று இது சொல்லும். ஓய்வூதியம், வைப்பு நிதி, பணிக்கொடை, கருணை அடிப்படையிலான வேலை, பட்டா மாற்றம் ஆகியவற்றிற்கு இது பயன்படும். இன்னாருக்கு இவ்வளவு பங்கு என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் வட்டாட்சியருக்கு இல்லை.

மற்றொன்று, நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழ். வழக்கறிஞர்கள் 'சக்சஷன் சர்டிபிகேட்' என்பார்கள். 1925ஆம் ஆண்டின் இந்திய இறங்குரிமைச் சட்டத்தின்படி, மறைந்தவர் வழக்கமாகக் குடியிருந்த இடத்தின் மாவட்ட நீதிமன்றமோ, அதிகாரம் அளிக்கப்பட்ட சார்பு நீதிமன்றமோ இதனை வழங்கும். அவருக்கு வரவேண்டிய கடன், வைப்புத்தொகை, பங்குப் பத்திரம் ஆகியவற்றைப் பெறுவதற்கே இச்சான்று. நிலத்திற்கும் வீட்டிற்கும் அன்று.

எல்லாவற்றிற்கும் நீதிமன்றம் செல்லவேண்டும் என்று அஞ்சவும் வேண்டா. வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயர் இருந்தால், இறப்புச் சான்றிதழும் அவருடைய அடையாளச் சான்றும் பெரும்பாலும் போதும். பெயர் இல்லாவிட்டாலும், வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையிலும் கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் ரூபாய் வரையிலும் உள்ள தொகைக்கு, வழக்கோ உயிலோ இல்லாத நிலையில், நீதிமன்றச் சான்று கேளாமல் எளிய முறையில் தீர்வு செய்யவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் விதி செய்தது. தாள்கள் முழுமையாக வந்தபின் 15 நாட்களுக்குள் முடிக்கவேண்டும் என்பதும் அவ்விதியில் உண்டு. கிளையில் எவரேனும் கோர்ட்டுக்குப் போங்கள் என்றால், இவ்விதியைச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

நியமனதாரர் பற்றி ஒரு சொல். நியமனதாரரே முழு உரிமையாளர் என்று பலர் எண்ணுகின்றனர். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே. பங்கு சட்டப்படியான வாரிசுகளுக்கு உரியது என்பதை உச்ச நீதிமன்றம் 1983இல் ஆயுள் காப்பீடு பற்றிய வழக்கிலேயே கூறியது. 2015இல் செய்த திருத்தத்திற்குப் பின், காப்பீட்டில் மட்டும் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள் ஆகியோர் நியமிக்கப்பட்டிருந்தால் அப்பணம் அவர்களுக்கே உரியதாகும்.

பங்கு யாருக்கு எவ்வளவு என்பது மறைந்தவரின் சமயத்தைப் பொறுத்தது. நம்மில் இந்துக்கள் உண்டு, பௌத்தர் உண்டு, கிறித்தவர் உண்டு. இந்துவுக்கும் பௌத்தருக்கும் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். ஆண்மகன் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் சமபங்கு பெறுவர். கிறித்தவருக்கு 1925ஆம் ஆண்டுச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, எஞ்சியது மக்களுக்குச் சமமாக. இரண்டிலும் மகளுக்கும் மகனுக்கும் வேறுபாடு இல்லை. "கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு என்ன பங்கு" என்று கேட்கும் வழக்கம் நம் தெருக்களிலும் உண்டு. உரிமை கேட்டு நிற்கும் சமுதாயம் தன் பெண்மக்களின் உரிமையை மறைத்துச் சான்றிதழ் வாங்குதல் தகாது.

மூன்றாவது கேள்வி, பொருள் எங்கே இருக்கின்றது என்பது.

வைப்பு நிதியாயின், கணக்கு உள்ள வட்டார அலுவலகம். பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பம் மூன்றைக் கேட்கலாம்: சேர்ந்த நிதி, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம், காப்பீட்டுத் தொகை. அக்காப்பீடு 7 லட்சம் ரூபாய் வரை உண்டு. நம் மக்கள் பலர் சேர்ந்த நிதியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். நாம் சொன்ன சகோதரிக்கும் முதலில் காப்பீடு பற்றித் தெரியாது, நமக்கும் தெரியாது. மூன்று கேள்விகளின் வழியே சென்றபின், அவருக்கு மூன்றும் கிடைத்தன. அவருடைய பிள்ளை இப்போது நம் பள்ளியில் படிக்கின்றது.

நெடுங்காலம் கேட்பாரின்றிக் கிடக்கும் வங்கிப் பணமும் அழிந்துபோவதில்லை. 10 ஆண்டுகள் எவரும் தொடாத கணக்கின் தொகை, 2014இல் ஏற்பட்ட திட்டப்படி, ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி விழிப்புணர்வு நிதிக்குச் செல்லும். இதனைக் கேட்டவுடன் சென்னையில் உள்ள ரிசர்வ் வங்கிக்குப் பயணம் புறப்படுவோர் உண்டு. அது தவறான வாசல். பணம் போட்ட வங்கிக் கிளையிலேயே கேட்கவேண்டும். வங்கி கொடுத்துவிட்டு அந்நிதியிலிருந்து பெற்றுக்கொள்ளும். எந்த வங்கி என்றே தெரியாவிட்டால், 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய 'உத்கம்' என்னும் இணையதளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம். இளைஞர்களே, கைப்பேசியில் உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. உங்கள் பாட்டிக்கு அது ஓராண்டு உழைப்பின் கூலியாக இருக்கலாம். 10 ஆண்டுகள் கோரப்படாத காப்பீட்டுத் தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றப்படும். மாற்றியபின்னும் 25 ஆண்டுகள் வரை கோரும் உரிமை உண்டு. அதனையும் அந்தந்தக் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்கவேண்டும்.

பாட்டன் மலாயா ரப்பர்த் தோட்டத்திலும் சிங்கப்பூரிலும் உழைத்துச் சேர்த்த பணத்தின் தாள்களைச் சிலர் இன்னும் பெட்டியில் வைத்துள்ளனர். அப்பணத்திற்கு அந்நாட்டு அலுவலகமே வாசல். கோரப்படாத பணத்திற்கென்று மலேசியாவில் ஒரு பதிவாளர் இருக்கின்றார். சிங்கப்பூரில் நியமனம் செய்யாதவரின் சேமநிதியைப் பொது அறங்காவலர் அலுவலகம் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கின்றது. நம் வட்டாட்சியரிடம் அதற்கு மனுக்கொடுப்பது வீண்; அவர் தரும் வாரிசுச் சான்றிதழை ஓர் ஆவணமாக இணைத்து அங்கே அனுப்புவதே முறை.

இனி நிலம். நிலம் எந்த வட்டத்தில் உள்ளதோ அந்த வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா மாற்றம். எந்தச் சார்பதிவாளர் எல்லையில் உள்ளதோ அங்கே வில்லங்கச் சான்று. நிலம் பற்றிப் பேசும்போது பஞ்சமி நிலத்தைச் சொல்லாமல் விடுதல் கூடாது. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர், நம் மக்களின் நிலைபற்றி 1891இல் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892 முதல் அரசு நம்மவர்க்கு நிலம் ஒப்படைக்க முன்வந்தது. முதல் 10 ஆண்டுகள் அதனை விற்கக்கூடாது. அதன்பின்னும் நம் வகுப்பாரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்பது நிபந்தனை. மீறி நடந்த விற்பனையை நீக்கி நிலத்தை மீட்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் நாள் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரு இளைஞர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். அத்தகைய விலை கொடுக்கப்பட்ட நிலத்தின் பழைய தாள் நம் வீட்டுப் பெட்டியில் கரையானுக்கு இரையாதல் ஆகுமா? பாட்டன் பெயரில் ஒப்படைப்புத் தாள் இருப்பின், முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தப் புல எண்ணுக்குரிய பழைய பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். நகல் கையில் இருந்தால்தான் அடுத்த வாசல் திறக்கும்.

உயில் எழுதி வைத்துச் சென்றவர்களின் நிலை வேறு. உயில் மெய்யானது என்று நீதிமன்றம் அளிக்கும் சான்றினைப் 'புரொபேட்' என்பார்கள். இந்துக்கள், பௌத்தர்கள் ஆகியோர் சென்னை மாநகரில் எழுதிய உயிலுக்கும், அங்குள்ள நிலம், வீடு பற்றிய உயிலுக்கும், புரொபேட் பெற்றாலன்றி நீதிமன்றத்தில் உரிமை நாட்ட இயலாது என்று 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 213ஆம் பிரிவு கூறிவந்தது. மற்ற ஊர்களில் அக்கட்டாயம் இல்லை. நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் இப்பிரிவையே நீக்கிவிட்டது. எனினும் உயிலின்மேல் உடன்பிறந்தார் ஐயம் கிளப்பும்போது, விரும்பிப் பெறுவோருக்கு அவ்வழி திறந்தே உள்ளது. சென்னைக்குள் உயர் நீதிமன்றம், வெளியூர்களில் மாவட்ட நீதிமன்றம் அதற்கு வாசலாகும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் அன்று. ஆயினும் சார்பதிவாளரிடம் பதிவு செய்துவைத்தால் பின்னாளில் சச்சரவு குறையும். கேட்பாரற்ற சொத்தைப் பேணுவதற்கென்றே 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி 'அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல்' என்னும் அலுவலர் ஒருவர் சென்னையில் இருக்கின்றார். வாரிசே இல்லையென்று முடிவானால்தான் சொத்து அரசைச் சேரும். வாரிசு இருந்தும் வராமையால் அந்நிலை ஏற்படுவது நம் பிழையாகும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று சிலர் கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பட்டியல் சாதியினர்க்கும், பழங்குடியினர்க்கும், எல்லாப் பெண்களுக்கும், வருமானம் எதுவாயினும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளித்துள்ளது. கிறித்தவராயிருப்பதால் பட்டியலில் சேர்க்கப்படாத நம் சகோதரர்களும், வருமானம் வரம்புக்கு உட்பட்டிருந்தால் பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளது. வட்டத்திலும் குழு உண்டு. தரகர் வீட்டிற்குச் செல்லும் கால்கள் அங்கே செல்லட்டும்.

எவ்வளவு ஆராய்ந்தும் வாசல் தெரியாவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கும். "என் தந்தையின் கோப்பு எந்த அலுவலகத்தில் உள்ளது?" என்று பத்து ரூபாய்க் கட்டணத்துடன் கேட்கலாம். தவறான அரசு அலுவலகத்தில் கொடுத்துவிட்டாலும், அவர்களே ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்திற்கு மாற்றி அனுப்பவேண்டும் என்று அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு கூறுகின்றது. வழி தெரியாதவனை அலையவிடாதே என்று அலுவலகத்திற்குக் கட்டளையிடும் பிரிவு அது.

இவ்வெள்ளிவிழாவில் சங்கத்தின்முன் இரு வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது: ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாளில், வங்கிக் கணக்கு, காப்பீடு, வைப்பு நிதி எண், பட்டா எண், நியமனதாரர் பெயர் ஆகியவற்றைக் குடும்பத் தலைவர் உயிருடன் இருக்கும்போதே எழுதி வைக்கவேண்டும். அதனை மனைவியும் பிள்ளைகளும் அறிந்திருக்கவேண்டும். இரண்டாவது: ஞாயிறுதோறும் மாலையில் சங்கக் கட்டடத்தில் ஒரு மேசையும், படித்த இளைஞர் இருவரும் இருத்தல் வேண்டும். துணிப்பையுடன் வருபவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, தாள்களைப் படித்துச் சொல்லவேண்டும். நாமும் அம்மேசையில் அமர ஆயத்தமாக உள்ளோம். மனு எழுதுவதற்காக அன்று, படித்துச் சொல்வதற்காக.

தாத்தா இரட்டைமலை சீனிவாசனார் உறுப்பினராக வீற்றிருந்த சென்னைச் சட்டமன்றம், பொதுவழியிலும் பொதுக்கிணற்றிலும் பொது அலுவலகத்திலும் எவ்வகுப்பாரும் தடையின்றிச் செல்லலாம் என்று 1924இல் தீர்மானம் நிறைவேற்றியது. அலுவலகத்தின் படியேறுவதற்கே நம் முன்னோர் சட்டமன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது. படியேறும் உரிமையை அவர்கள் பெற்றுத் தந்துவிட்டார்கள். எந்தப் படி என்று அறிவது நம் பொறுப்பு. இச்சங்கம் கற்பித்த எழுத்து அதற்குப் பயன்படட்டும்.